இரண்டு பேருக்கும் கேட்டால்

எங்கள் ஒழுங்கையில் விமானம் முதலில் கேட்பது எனக்குத்தான். கோப்பாயில், தோட்டக்காரர் வீடுகள் நெருங்கியிருந்த சின்னத் தெரு அது. தொண்ணூறில் சண்டை மறுபடி மூண்டதும் வீட்டு வளவுக்கு வளவு பங்கர் வெட்டினார்கள். மேலே பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை பரப்பி. குழி இருந்தால் மட்டும் போதுமா, நேரத்துக்கு இறங்க வேண்டாமா? அதற்கு என் காதைத்தான் நம்பினார்கள். பலாலி விமானத்தளப் பக்கம் ஓர் இரைச்சல் கிளம்பும்போதே எனக்குத் தெரிந்துவிடும். முற்றத்தில் நின்று, "வாறான்! வாறான்!" என்று கத்துவேன். அடுப்பில் சோறு கொதிக்கக் கொதிக்க விட்டுவிட்டு ஒழுங்கை முழுவதும் குழிக்குள் விழும். எனக்கு அதில் பெருமை. இல்லையென்று ஏன் சொல்ல வேண்டும்?

என் வீட்டுக்கு அந்தக் காது இன்னும் கூடுதலாக வேண்டியிருந்தது. என் கணவர் சின்ன வயதிலிருந்தே தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மிஷினோடு நின்றவர். அதன் சத்தம் அவருடைய காதுக் கேள்வியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பமாட்டார். முன்னால் போய் நின்று வாயைக் காட்டிக் கதைக்க வேண்டும். குண்டு போடும் பொம்மர் தலைக்கு மேல் வந்த பிறகுதான் அவருக்கு அது கேட்கும். மகளோ சின்னப்பிள்ளை. "கேக்குதோ?" என்று எப்போது கேட்டாலும் பயத்தில் "ஓம்" என்பாள். ஆகவே அந்த இரண்டு உயிரும் என் காதில் தொங்கிக்கொண்டிருந்தன.

அந்தக் காதைத்தான் உடைத்தார்கள்.

ஒரு மத்தியானம். சத்தம் கேட்டதும் கத்தினேன். மகளைத் தூக்கிப் பங்கருக்குள் இறக்கிவிட்டு, அவரைக் கூட்டிவரத் தோட்டத்துக்கு ஓடினேன். பாதி வழியில் பின் வளவுப் பனங்கூடலில் குண்டு விழுந்தது. யாரோ இடது கன்னத்தில் பலகையால் அறைந்ததுபோல் இருந்தது. வேலியில் போய் விழுந்தேன். பனைகள் தலை அறுந்து சரிந்தன. அடுத்த வளவில் கட்டியிருந்த பசுவின் பாதி எங்கள் வாழையடியில் கிடந்தது; பின்னங்கால்கள் இன்னும் உதைத்துக்கொண்டிருந்தன. மற்றப் பாதியை நாங்கள் காணவேயில்லை. என் கணவர் எனக்கு மேல் குனிந்து வாயை அசைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக நான் அவருடைய வாயைப் பார்த்துச் சொல் பிடித்தேன். "பிள்ளை எங்கை?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பொழுது படும் நேரம் வலது காது திரும்பி வந்தது. இடது காதில் அந்தச் சத்தம் தொடங்கியது. எப்படிச் சொல்வது? தூரத்தில், மிகத் தூரத்தில், ஒரு பொம்மர் வந்துகொண்டிருக்கிறது. வந்து சேருவதில்லை, திரும்பிப் போவதுமில்லை. சாப்பிடும்போது வருகிறது, குளிக்கும்போது வருகிறது, பிள்ளைக்குத் தலைவாரும்போது வருகிறது. கையால் காதைப் பொத்தினால் இன்னும் கிட்ட வருகிறது.

நான் என்ன செய்வேன்? கத்தினேன். "வாறான்! வாறான்!" ஒழுங்கை குழிக்குள் விழுந்தது. ஒருவனும் வரவில்லை. அடுத்த நாளும் கத்தினேன், அதற்கடுத்த நாளும் கத்தினேன். சத்தம் உண்மையானதா பொய்யா என்று யோசித்துக்கொண்டு நிற்க முடியுமா? யோசிக்கிற நேரத்தில் குண்டு விழுந்துவிடும். முதலில் மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பிச் சிரித்தார்கள். பிறகு முணுமுணுத்தார்கள். பிறகு, "அவளின்ரை காதுக்குள்ளை பிளேன் ஓடுது" என்று ஒரு பேச்சு ஒழுங்கை முழுவதும் திரிந்தது.

பசுவைப் பறிகொடுத்தவள் அடுத்த வளவு அக்கா. புருசன் இல்லை, பிள்ளைகள் இல்லை. பால் விற்றுச் சீவித்தவள். வாய் கொஞ்சம் நீளம். முகத்துக்கு முன்னால் நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், மனதுக்குள் அவள்தான். நான் பொய்யாகக் கத்திய ஒரு நாள் பங்கருக்குள் பாய்ந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். முறிவு வைத்தியர் பலகை வைத்துக் கட்டினார். கட்டு அவிழ்த்த பிறகும் கால் இழுத்துக்கொண்டுதான் நடந்தாள். இழுத்துக்கொண்டே ஒரு நாள் எங்கள் கிணற்றடிக்கு வந்தாள்.

"எடியே விசரி, உனக்கு வருத்தமெண்டால் வீட்டுக்குள்ளை கிட. ஊரை ஏனடி கொல்லுறாய்?"

"ஆரைப் பாத்து விசரி எண்டுறியள்?"

"உன்னைத்தான். பிளேன் இல்லாத இடத்திலை பிளேன் கேட்டால் அதுக்கு வேறை என்ன பேர்?"

கையில் இருந்த வாளியைத் தண்ணீரோடு அவள்மேல் எறிந்தேன். அவள் என் கொண்டையைப் பிடித்தாள். நான் அவளுடைய தோளைக் கடித்தேன். இரண்டு பேரும் பாசி வழுக்கிக் கிணற்றுக்கட்டோடு மோதி விழுந்தோம். என் கணவர் ஓடிவந்து பிரித்துவிடும்வரை நாய்களைப்போல் உருண்டோம். அதன்பிறகு அவளோடு பேச்சில்லை. வேலியில் நுழைந்து போய்வரும் பொட்டை இரண்டு பக்கமும் ஓலை வைத்து அடைத்தோம்.

அன்றிலிருந்து நான் கத்தினால் ஒருவரும் எழும்பவில்லை. கத்தாமல் விடவும் என்னால் முடியவில்லை. இந்தக் காதுக்கு ஒரு மருந்து வேண்டும் என்று நான் அலைந்தது நித்திரைக்காக இல்லை. நித்திரை போனால் போகட்டும். பொய்ச் சத்தத்துக்குக் கீழே உண்மைச் சத்தம் ஒன்று வந்தால் எனக்குக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஒருநாள் என் பிள்ளையையும் அவரையும் நான் அள்ளி எடுக்க வேண்டிவரும்.

ஊர் மருந்துகள் முதலில். உள்ளியை நல்லெண்ணெயில் காய்ச்சி விட்டார்கள். வெங்காயச் சாறு விட்டார்கள். ஒருத்தி எண்ணெயை ஆறவிடாமல் ஊற்றிவிட்டாள். நான் போட்ட கூச்சலில் அவள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போனாள், அதற்குப் பிறகு என் வீட்டுப் படலையைத் திறக்கவில்லை. காது பொக்களித்தது. சத்தம் அப்படியே இருந்தது.

பிறகு இணுவிலில் ஒரு பரியாரியிடம் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு போனார் என் கணவர். பரியாரி கண்ணை மூடிக்கொண்டு என் நாடியைப் பிடித்தார். "வாதம் தலைக்கு ஏறியிருக்கு, பிள்ளை" என்று தொடங்கும்போதே உண்மையான ஹெலிகொப்டர் ஒன்று வந்து சுடத் தொடங்கிவிட்டது. மனுசன் நாடியை விடவில்லை. பிடித்த கையோடு என்னையும் இழுத்துக்கொண்டு பங்கருக்குள் பாய்ந்தார். சன்னம் பட்டுக் கூரை ஓடுகள் உடைந்து கொட்ட, குழிக்குள் இருந்தபடியே, "கத்தரிக்காய் கூடாது, பூசணிக்காய் கூடாது, மீன் அறவே கூடாது" என்று சொல்லி முடித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. மேலே ஏறி வந்தபோது அவருடைய வாசலில் சைக்கிளோடு ஒருவர் குப்புற விழுந்து கிடந்தார். சைக்கிளின் பின்சில்லு சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு மருந்தெண்ணெய் தந்துவிட்டு அந்த ஆளுக்கு வெள்ளைத் துணி தேடப் போனார் பரியாரி. எண்ணெயைப் போத்தல் முடியும்வரை விட்டேன். கத்தரிக்காய் தின்னாமல் இருந்தேன். என் காதுக்கு அதெல்லாம் பொருட்டாகவே படவில்லை.

மானிப்பாய் ஆசுபத்திரிக்கும் போனோம். இளம் டொக்டர். நித்திரை இல்லாத கண். சட்டையில் யாருடையவோ இரத்தம் காய்ந்திருந்தது. டோர்ச்சுக்குப் பற்றறி இல்லாததால் என்னை யன்னலடியில் திருப்பி வைத்து, வெயிலில் காதுக்குள் பார்த்தார்.

"சவ்வு பொருந்தியிட்டுது. உள்ளுக்கை நரம்பு அடிபட்டிருக்கு, தங்கச்சி. இதுக்கு மருந்து இல்லை. இருந்தாலும் இஞ்சை வராது."

"அப்ப என்ன செய்யச் சொல்லுறியள்?"

"சத்தம் இல்லாத இடத்திலை இருக்காதேங்கோ. வேறை ஏதாவது சத்தம் கேட்டால் அது கொஞ்சம் அமரும். ரேடியோவைப் போட்டுக் கேளுங்கோ. போகப்போகப் பழகும்."

பழகும்! எனக்கு அந்த மேசையைத் தூக்கிப் போட வேண்டும்போல் இருந்தது. வராத பொம்மருக்குப் பழகிவிட்டால் வருகிற பொம்மருக்கு யார் எழும்புவது? ஆனால் அந்த நேரம் பிள்ளையொன்றைக் கையில் ஏந்திக்கொண்டு ஓர் ஆள் ஓடி வந்தார். பிள்ளையின் ஒரு கால் தோலில் தொங்கியது. டொக்டர் என்னை விட்டுவிட்டு ஓடினார். நான் என் காதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பற்றறியை எங்கள் பக்கம் வரவிடாமல் அரசாங்கம் தடை செய்திருந்தது. ரேடியோவுக்கு எங்கே போவது? என் கணவர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் கம்பி தொடுத்து, கையால் பெடலைச் சுற்றினார். ரேடியோ இரைந்தது. அந்த இரைச்சலில் காது கொஞ்சம் அமர்ந்ததும் உண்மைதான். ஆனால் செய்தியில் எங்களைக் கொன்ற கணக்கைச் சொன்னார்கள். அதுவும் குறைத்துத்தான் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரேடியோவைத் தூக்கி முற்றத்தில் அடித்தேன். இன்னொரு நாள் ஈர்க்கு ஒன்றை எடுத்துக் காதுக்குள் விட்டுக் குத்தப் போனேன். அவர் கையைப் பிடித்தார். அவருடைய கையைக் கடித்தேன். இரத்தம் வந்தது. விடவில்லை. "இஞ்சரும்," என்றார், "என்ரை செவிட்டுக் காதை வைச்சுக்கொண்டு நானே இருக்கிறன். நீர் உம்மடை காதைப் பிடுங்கிப் போட்டால் பிள்ளைக்கு ஆர் இருக்கினம்?"

மருந்து கடைசியில் தோட்டத்தில் கிடைத்தது. தேத்தண்ணி கொண்டுபோன ஒரு காலை. அவர் மிஷினுக்குப் பெற்றோல் துளி விட்டு, கயிற்றைச் சுற்றி இழுத்து, மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். டக டக டக என்று அது ஓடத் தொடங்கியது. கிட்டப் போய் நின்றேன். பொம்மர் போய்விட்டது. மிஷினின் டகடகப்பு மட்டும் காதில் நிறைந்திருந்தது. அதைவிடப் பெரிய புதுமை மிஷினை நிற்பாட்டிய பிறகுதான் நடந்தது. பொம்மர் உடனே திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் காது கழுவி வைத்த பாத்திரம்போல் இருந்தது. காகம் கேட்டது. கிணற்றில் வாளி முட்டுவது கேட்டது. தூரத்தில் எங்கோ பீரங்கிச் செல் விழுவது கேட்டது. வரம்பில் குந்திக் குலுங்கிக் குலுங்கி அழுதேன். அவர் என்ன ஏதென்று பதறிப்போய் என் வாயைப் பார்த்தார். "கேக்குது," என்றேன். "எனக்கு எல்லாம் கேக்குது."

அதன்பிறகு காலையில் கொஞ்ச நேரம் எனக்காக மிஷின் ஓடியது. மண்ணெண்ணெய் கிடைப்பது குதிரைக்கொம்பு. விளக்குக்கு வைத்திருந்ததை ஊற்றினார். நாங்கள் பொழுது பட்டதும் இருட்டில் சாப்பிட்டோம். மழை பெய்து தோட்டம் நனைந்து கிடந்தாலும் கயிற்றை இழுத்தார். "மழைக்குள்ளையும் தண்ணி இறைக்கிறான், பொஞ்சாதியின்ரை விசர் புருசனுக்கும் தொத்திப்போட்டுது" என்று சிரித்தார்கள். அவருக்கு அது கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. கேட்டதால் சந்தோசப்பட்டேன்.

மிஷின் ஓடும் நேரம் நாங்கள் இரண்டு பேரும் செவிடு. அதைத் தெரிந்துதான் வைத்திருந்தோம். அந்த நேரத்தில் மகளைப் பங்கருக்குள் விளையாட விட்டுவிடுவோம். நாங்களும் மிஷினடியில் அதிகம் நிற்பதில்லை. காது தெளிந்ததும் வீட்டுக்கு வந்து முற்றத்தில் நின்று கேட்பேன். ஒருமுறை உண்மையான பொம்மரைப் பிடித்துக் கத்தி, ஒருவரும் எழும்பாதபோது, எங்கள் மூன்று பேரையும் நான் காப்பாற்றியிருக்கிறேன். மேற்குப் பக்கம் இரண்டு வீடு அன்று தரைமட்டமானது.

மழை விட்டு வெளித்த ஒரு காலை. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் வாழையடியில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். அவர் வாய்க்காலில் மண் வெட்டிக்கொண்டிருந்தார். கண்ணைத் திறந்தபோது, அடைத்த பொட்டைப் பிய்த்துக்கொண்டு அக்கா வந்துகொண்டிருந்தாள். கால் இழுபட, கையை உயர்த்தி, வாய் நிறையக் கத்திக்கொண்டு. சத்தம் எங்களுக்கு எட்டவில்லை. மிஷின் இரைச்சலுக்குச் சண்டை பிடிக்க வருகிறாள் என்று நினைத்தேன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எழும்பி நின்றேன். "வாங்கோ," என்றேன், "இண்டைக்கு மற்றக் காலையும் முறிச்சு விடுறன்."

என் கணவரும் கண்டார். அவருக்கு எல்லோருடைய கத்தலும் ஒன்றுதான். கையைக் காட்டி, பொறுங்கோ என்று சைகை செய்துவிட்டு மிஷினை நோக்கி நடந்தார். யாராவது தோட்டத்துக்கு வந்து கதைத்தால் அவர் செய்வது அதுதான்: மிஷினை நிற்பாட்டிவிட்டு, முன்னால் வந்து நின்று, வாயைப் பார்ப்பார். அவள் என்ன சொல்லுகிறாள் என்று கேட்கத்தான் போனார்.

அக்கா என் கூந்தலைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். நான் அவளுடைய மூக்கில் குத்தினேன். மூக்கிலிருந்து இரத்தம் ஒழுகியது, பிடியை விடவில்லை. வாழைகளுக்கு நடுவில் இருந்த வாய்க்காலுக்குள் என்னைத் தள்ளி எனக்கு மேல் விழுந்தாள். அவளுடைய தோளுக்கு மேலால் அவர் குனிந்து மிஷினைத் தொடுவது தெரிந்தது. மிஷின் நின்றது. என் காது தெளிந்தது. தெளிந்த காதில் முதலில் கேட்டது பொம்மர். தலைக்கு நேர் மேலே. "இஞ்சருங்கோ!" என்று கத்தினேன். அவர் நிமிர்ந்து அக்கா வந்த பக்கம் திரும்பி, என்ன என்பதுபோல் தலையை ஆட்டினார்.

கிணறு மேலே எழும்பியது. கல்லும் தண்ணீரும் மண்ணும் எங்கள்மேல் கொட்டிக்கொண்டே இருந்தன. மிஷினின் சில்லு வடலிப் பனையில் செருகி நின்றது. அவர் உடுத்தும் சாரம் ஒன்றை விரித்து, அவரை அதற்குள் சேர்த்தோம். சேர்க்க முடிந்தது அவ்வளவுதான். நான் மரத்தில் ஏறி எடுத்ததும் உண்டு. யாரையும் தொடவிடவில்லை. மகள் பங்கருக்குள் இருந்து, "அம்மா, ஏறி வரலாமோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். எனக்குக் கேட்கவில்லை.

செத்தவீட்டில் ஒரு கதை நடந்தது. மண்ணெண்ணெயாம், மிஷினாம், என் காதாம். என் முகத்துக்கு முன்னால் பாவம் என்றார்கள். வேலிக்கு அப்பால் போய், அவளாலைதான் என்றார்கள். நான் ஒன்று சொல்லுகிறேன். குண்டை நான் கொண்டு வரவில்லை. அதை வைத்துப் பறந்தவன் ஒருவன் இருந்தான். அவனுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்டிருக்கும். கொள்ளி வைத்த அன்று அவன் கையில் கிடைத்திருந்தால் என் பல்லாலேயே கிழித்திருப்பேன். என்மேல் எனக்குக் கோபம் இல்லை. இன்றைக்கும் இல்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள், பிய்ந்த பொட்டுக்குள்ளால் அக்கா வந்தாள். மூக்கு இன்னும் கோணல். அடுப்படியில் என் பக்கத்தில் குந்தி, அடுப்புக்குள் ஓர் ஓலையைத் தள்ளிவிட்டாள்.

"பிள்ளை, எனக்கும் இரையுது."

"எந்தக் காது?"

"வலது. ஹெலி சுத்துற மாதிரி. ஒரே சுத்து. நான் உன்னை விசரி எண்டனே, என்ரை வாய்க்கு..." அழத் தொடங்கினாள். "இது நிக்குமோ?"

எத்தனை நாள் நான் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன்! உள்ளி எண்ணெயையும் கத்தரிக்காயையும் சொல்லி அவளை இணுவிலுக்கு அலைய விட்டிருக்கலாம். "நிக்காது, அக்கா" என்றேன். சொல்லும்போது எனக்கு ஒரு குரூரச் சந்தோசம் இருந்தது. ஆனால் அடுத்த நிமிடம் அவளுடைய தலையை என் மடியில் சாய்த்துக்கொண்டு நானும் பெருங்குரலில் அழுதேன். அந்தச் சத்தம் உலகத்தில் என்னோடு இன்னொருத்திக்கும் இருக்கிறது. அதை முதன்முதலாகத் தன் காதாலேயே அறிகிற ஆள் என் மடியில் கிடந்தாள்.

திடீரென்று அவள் தலையைத் தூக்கினாள். "வாறான்!" என்றாள்.

நான் கேட்டுப் பார்த்தேன். என் பழைய பொம்மர் இருந்தது. ஹெலி இல்லை. "இல்லை அக்கா. எனக்கு ஹெலி கேக்கேல்லை. உது உங்கடை."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அன்றே முடிவு செய்தோம். எனக்கு மட்டும் கேட்டால் அது என்னுடையது. அவளுக்கு மட்டும் கேட்டால் அது அவளுடையது. இரண்டு பேருக்கும் ஒரே சத்தம் கேட்டால் அது வருகிறது. வேலிப் பொட்டை அடைக்கவில்லை. "அக்கா, கேக்குதோ?" என்பேன் அடுப்படியில் இருந்து. "இல்லை, நீ உலையைப் பார்" என்று பதில் வரும். சில நேரம், "ஓம்!" என்று வரும். அப்போது இரண்டு பேரும் ஒன்றாகக் கத்துவோம். "அந்த ஒழுங்கையிலை ரெண்டு பிளேன் எந்த நேரமும் நிக்குது" என்று ஊரே பகிடி பண்ணியது. ஆனால் எங்கள் இரண்டு குரலும் சேர்ந்து கேட்டால் பகிடி பண்ணினவனும் குழிக்குள் பாய்ந்தான். என் மகள் வளர்ந்தாள். அந்த ஒழுங்கையில் அதற்குப் பிறகு குண்டுக்கு ஒருவரும் சாகவில்லை.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஆமி நெருங்கி வர, எங்கள் வலிகாமப் பகுதியே ஊரைவிட்டு எழும்பி நடந்தபோது நாங்கள் மூன்று பேரும் சேர்ந்துதான் நடந்தோம். மகள் சைக்கிளைத் தள்ள, அக்கா அதைப் பிடித்துக்கொண்டு காலை இழுத்து வந்தாள். மழை. சனம் தோளோடு தோள் நெரிந்தது. பின்னால் செல் விழுந்தது. வழியில் விழுந்த கிழவர் ஒருவரைச் சனம் மிதித்துக்கொண்டு போனது. நாங்களும் தள்ளுப்பட்டு மிதித்திருப்போம், தெரியாது. தென்மராட்சியில் யாரோ ஒருவருடைய மாமரத்துக்குக் கீழ் தறப்பாள் கட்டி இருந்தோம்.

ஒரு காலை, மழை இரைந்துகொண்டிருந்தது. மகள் நித்திரை. நான் தறப்பாளில் தேங்கிய தண்ணீரை ஊற்றிவிட்டு நின்றேன். டக டக டக என்று ஒன்று கேட்டது. தூரத்தில், தோட்டப் பக்கம். மழைக்குள் தலையை நீட்டிக் கேட்டேன். இந்த மழைக்குள் எவன் தண்ணீர் இறைப்பான்?

"அக்கா," என்றேன். "கேக்குதோ?"

"பொம்மரே?"

"இல்லை. மிஷின்."

அவள் போர்வையை விலக்கி எழும்பிக் குந்தினாள். அவளுடைய கெட்ட காதுதான் தோட்டப் பக்கம் இருந்தது. மற்றக் காதைத் திருப்பவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"ஓம், பிள்ளை," என்றாள். "எனக்கும் கேக்குது."

நான் போய்ப் பார்க்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் இருந்து, அது நிற்கும்வரை கேட்டேன்.